மிஞ்சும் உணவை எப்படி விற்பது: ஸ்டிக்கர் தள்ளுபடியா, செயலிப் பையா, மொத்தமாகக் கைமாற்றுவதா?

மிச்சச் சரக்கைத் தள்ளுபடியில் விற்கலாம் என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலான கடைக்காரர்கள் கேட்பது, "எத்தனை சதவீதம் குறைக்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இது மிஞ்சப்போகிறது என்று தெரிய வரும் நேரத்துக்கும், இதை இனி விற்கக்கூடாது என்ற நேரத்துக்கும் நடுவே எவ்வளவு அவகாசம் இருக்கிறது?

ரொட்டி மிஞ்சும் என்று மாலையில் தெரியும். மறுநாள் மதியம் வரை அது சாப்பிட நன்றாகவே இருக்கும். சூடாகப் பரிமாறும் சமையலுக்கு இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். பாக்கெட் பிஸ்கட்டுக்கு வாரக்கணக்கில் நேரம் உண்டு. மூன்றையும் ஒரே வழியில் விற்க முயன்றால் ஒன்றில் காசு போகும், இன்னொன்றில் யாருக்காவது வயிறு கெடும். எந்த வழி என்பதை இந்த அவகாசமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. விலை அதற்குப் பிறகு வருவது.

முதலில் எடை போடுங்கள்

தள்ளுபடி தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு தாளில் நான்கு விவரம் எழுதினால் போதும்: என்ன பொருள், எவ்வளவு எடை, எத்தனை மணிக்கு ஒதுக்கப்பட்டது, ஏன் ஒதுக்கப்பட்டது. "ஏன்" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடவே கூடாது. அதிகமாகச் செய்தது, தேதி நெருங்கியது, உறை கிழிந்தது அல்லது நசுங்கியது, தட்டில் மீந்தது என்று நான்கு குறியீடு வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் தள்ளுபடிக்கு ஏற்றவை. மூன்றாவதில் வெளி அட்டை மட்டும் நசுங்கி உள்ளே உறை முழுதாக இருந்தால் விற்கலாம். டின் உப்பியிருந்தாலோ, மூடியும் டின்னும் இணையும் விளிம்பில் நசுங்கியிருந்தாலோ குப்பைக்குத்தான். தட்டில் மீந்ததை எந்த விலைக்கும் விற்க முடியாது; அதற்கு மருந்து பரிமாறும் அளவைக் குறைப்பது.

இந்தத் தாளைப் படிக்கும்போது திங்களைத் திங்களோடும் சனியைச் சனியோடும் ஒப்பிட வேண்டும். ஒரே பொருள், ஒரே கிழமையில், வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு மிஞ்சுகிறது என்றால் அதைத் தள்ளுபடிக்குக் கொண்டுபோகாதீர்கள். அது திட்டத்தில் இருக்கும் பிழை. தினமும் 8 மிஞ்சுகிறதா, நாளையிலிருந்து 6 குறைத்துச் செய்யுங்கள். மாறி மாறி மிஞ்சுவதுதான், அதாவது ஒரு நாள் 2, மறுநாள் 11 என்று இருப்பதுதான், தள்ளுபடியின் வேலை.

குறைத்துச் செய்தால் அலமாரி காலியாகத் தெரியுமே என்ற பயம் நியாயமானது. கடைசி இரண்டு மணி நேரத்துக்கு வகைகளைக் குறையுங்கள்: பன்னிரண்டு வகையில் ஒவ்வொன்று வைப்பதற்குப் பதில் ஐந்து வகையில் நான்கு நான்கு இருந்தால் அலமாரி நிறைவாகவே தெரியும். ஒரே முறையில் எல்லாவற்றையும் சுட்டு அடுக்காமல், இரண்டாம் தவணையை மதிய விற்பனையைப் பார்த்த பிறகு போடுவது அதைவிடப் பலன் தரும்.

ஸ்டிக்கர்: எளிது, ஆனால் ஓட்டையும் அதிகம்

தேதி நெருங்கிய பொருளில் விலை குறைத்த ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் உலகெங்கும் பழகிய முறை. முதலீடு இல்லை, வெளியாள் யாருக்கும் கமிஷன் இல்லை, இன்றே தொடங்கலாம். ஆனால் எப்போது ஒட்டுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது 70 சதவீதம் குறைப்பதைவிட, மூன்று மணி நேரம் முன்பே 25 அல்லது 30 சதவீதம் குறைப்பதே பெரும்பாலும் அதிகம் மீட்டுத்தரும். கடைசி அரை மணியில் கடைக்குள் ஆளே இல்லை. இல்லாத ஆளிடம் எந்த விலைக்கும் விற்க முடியாது. ஆகவே இரண்டு படி போதும்: முதல் படி 25–30, கடைசி ஒரு மணி நேரத்தில் 50–60. மூன்றாவது படி வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டும் ஆளின் கூலியே மீட்ட காசைத் தின்றுவிடும்.

ஸ்டிக்கர் பழைய பார்கோடை முழுதாக மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால் கல்லாவில் ஸ்கேனர் பழைய கோடைப் படித்து முழு விலையைப் போடும். வாங்குபவர் வரிசையில் நின்று வாதாடுவார். அடுத்த முறை அந்தப் பக்கமே வரமாட்டார். புதிய கோடு கடைக்குள் மட்டும் செல்லும் எண்ணாக இருக்க வேண்டும். 20 முதல் 29 வரையான எண்களில் தொடங்கும் பார்கோடுகள் இப்படிக் கடைகளின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. விலையையே அந்த எண்ணுக்குள் பதிக்கலாம். ஆனால் ஸ்டிக்கர் தேதியையும், ஒவ்வாமை விவரத்தையும் மறைக்கக் கூடாது. உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும்படி வெட்டு போட்ட ஸ்டிக்கர் வாங்குங்கள்; இல்லையென்றால் அது இரவோடு இரவாக இன்னொரு புதிய பாக்கெட்டுக்கு இடம்பெயர்ந்துவிடும்.

கடை ஆட்கள் விஷயமும் இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டுபவரே அதை வாங்கவும் செய்தால், நல்ல சரக்கு பின்னறையில் பதுங்கி, கடைசி நேரத்தில் பாதி விலைக்கு வெளியே வரும். ஊழியர்கள் வாங்கலாம், வாங்கட்டும். ஆனால் ஒட்டியவர் ஒருவர், பில் போடுபவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும்.

குறைத்த சரக்கை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. புதியதன் பக்கத்திலேயே வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும், வேகமாகப் போகும். தனி மூலையில் வைத்தால் மெதுவாகப் போகும். எங்கள் பரிந்துரை தனி மூலைதான். காரணம் கீழே கணக்கில் வருகிறது.

செயலிப் பை: உள்ளே என்னவென்று தெரியாத பொட்டலம்

மிஞ்சியதைப் பையில் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், செயலி வழியாக முன்பதிவில் விற்பது இரண்டாவது வழி. 2015-ல் டென்மார்க்கில் பஃபே உணவகங்களின் மிச்சத்தை மனதில் வைத்துத் தொடங்கிய 'டூ குட் டு கோ' இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. வழக்கமாகப் பையின் விலை உள்ளே இருக்கும் பொருளின் முழு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. முன்கூட்டியே பணம் கட்டிவிடுவதால் வராமல் போகிறவர்கள் குறைவு. வராவிட்டாலும் கடைக்கு நஷ்டம் இல்லை.

என்ன என்று சொல்லாமல் விற்பதுதான் இதன் பலம். காலையிலேயே விற்பனைக்குப் போடலாம், என்ன மிஞ்சும் என்று இரவு வரை தெரிய வேண்டியதில்லை. ஆனால் எத்தனை பை என்பது தெரிய வேண்டும், சறுக்குவதும் அங்கேதான். கடந்த நான்கு வாரத்தில் இதே கிழமையில் 4, 5, 7, 12 பைக்கான சரக்கு மிஞ்சியிருக்கிறது என்றால் சராசரி 7. காலையில் 7 போட்டால் நான்கில் இரண்டு நாள் பை பற்றாது. அப்போது கடைக்காரர் இரண்டில் ஒன்று செய்வார்: முன்பதிவை ரத்து செய்து, செயலியில் வாங்குபவர்கள் தரும் மதிப்பெண்ணை இழப்பார், அல்லது முழு விலைக்கு விற்றிருக்கக்கூடிய புதிய சரக்கை எடுத்துப் பையில் திணிப்பார். இரண்டாவது அதிகம் நடக்கிறது. நடந்தால் மிச்சத்தை விற்பது என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது. ஆகவே காலையில் நான்கில் மிகக் குறைந்த எண்ணை, அதாவது 4-ஐ மட்டும் போடுங்கள். மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன் அலமாரியைப் பார்த்து மீதியைச் சேருங்கள்.

எடுத்துச் செல்லும் நேரம் 30 முதல் 45 நிமிடத்துக்குள் இருக்கட்டும். அது கடை மூடும் நேரத்தை ஒட்டியோ, மூடிய பின்னோ அமையட்டும். ஒரு மணி நேரம் முன்பே பை கட்டினால், இன்னும் விற்கக்கூடிய சரக்கைக் கையால் எடுத்து மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்தது போல ஆகும்.

பைக்குள் என்ன போடுவது என்பதில் கை கட்டுப்பாடாக இருக்க வேண்டும். ஒரே பொருள் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஐந்து முழு ரொட்டியை ஒரு பையில் அடைத்தால் கடையின் குப்பைத்தொட்டி காலியாகும். அந்தக் குப்பை ஒரு வீட்டுக்குக் குடிபோயிருக்கும், அவ்வளவுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில்தான் வீணானது. உணவகங்கள் போன்ற பரிமாறும் இடங்களின் பங்கு 28, சில்லறைக் கடைகளின் பங்கு 12. கடையின் எடைத் தாளில் எண் குறைவதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட இடமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம். இரண்டு பேர் இரண்டு நாளில் தின்று தீர்க்கும் அளவே ஒரு பைக்கு உச்சம்.

ஒவ்வாமை விஷயத்தில் இந்த முறை பலவீனமானது. அலமாரியில் இருந்து எடுப்பவர் அட்டையைப் படித்து எடுக்கிறார். பை வாங்குபவர் எதையும் பார்க்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 14 ஒவ்வாமைப் பொருட்களைக் கட்டாயம் அறிவிக்கச் சொல்கிறது. உங்கள் நாட்டில் எத்தனை என்று பாருங்கள். திறந்த சரக்கானால் பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு: பொருளின் பெயர், அதில் உள்ள ஒவ்வாமைப் பொருள், எப்போதுக்குள் சாப்பிட வேண்டும். கொட்டைப் பருப்பு தூவியதையும் தூவாததையும் ஒரே கவரில் போடாதீர்கள். இதற்கெல்லாம் பைக்கு இரண்டு நிமிடமாவது போகும். பத்துப் பை என்றால் இருபது நிமிடம் ஒரு ஆள். கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

செயலிக்குக் கமிஷன் கொடுப்பானேன், நாமே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். தொடங்கலாம். ஆனால் அந்தக் குழுவில் சேருபவர்கள் ஏற்கெனவே உங்களிடம் முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருப்பவர்கள். கமிஷன் மிச்சமாகும், ரெகுலர் வியாபாரம் கரையும்.

கணக்கு: தள்ளுபடி எப்போது நஷ்டம்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம். "அடக்க விலைக்குக் கீழே விற்க மாட்டேன்" என்பது மிச்சச் சரக்கில் பொருந்தாத கொள்கை. செய்யும்போதே அந்தச் செலவு போய்விட்டது. இன்றிரவு கேள்வி, கிடைக்கும் காசா, பூஜ்யமா என்பதுதான். அடக்க விலையை நினைக்க வேண்டிய இடம் நாளைக் காலை, எத்தனை செய்வது என்று முடிவெடுக்கும்போது.

உண்மையான ஆபத்து வேறு. தள்ளுபடியில் வாங்கியவர் எப்படியும் முழு விலைக்கு வாங்கியிருப்பவராக இருந்தால் நஷ்டம். முழு விலை 100 என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடியில் கைக்கு வருவது 50. புதிதாக வந்தவர் வாங்கினால் 50 லாபம். பழைய வாடிக்கையாளர் வாங்கினால் 100 வர வேண்டிய இடத்தில் 50 வந்தது, ஆக 50 நட்டம். மிச்சமும் குறையவில்லை, ஏனென்றால் அவர் ஒன்றை எப்படியும் எடுத்திருப்பார். ஆகவே தள்ளுபடியில் வாங்கும் 100 பேரில் 50 பேருக்கு மேல் பழையவர்கள் என்றால் மொத்தத்தில் கை கடிக்கும். பொதுவாகச் சொன்னால், கைக்கு வரும் தொகை முழு விலையில் எத்தனை சதவீதமோ வாங்குபவர்களில் அத்தனை சதவீதம் வரை பழையவர்கள் இருந்தாலும் தாங்கும்.

இதே கணக்கைப் பைக்குப் போடுவோம். உள்ளே 300 மதிப்புள்ள சரக்கு, பை விலை 100, செயலிக் கமிஷன் 30, கவரும் சீட்டும் 5 என்று வைத்தால் கைக்கு 65. 300-ல் 65 என்றால் சுமார் 22 சதவீதம். ஸ்டிக்கர் 50 வரை தாங்குகிறது, பை 22 வரைதான் தாங்குகிறது. இதைப் பார்த்து ஸ்டிக்கர்தான் மேல் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. கணக்கின் மறுபாதியைப் பார்க்க வேண்டும்: ஸ்டிக்கரைப் பார்ப்பவர் யார்? ஏற்கெனவே கடைக்குள் வந்து, வாங்கத் தயாராக அலமாரி முன் நிற்பவர். அவர்களில் 60 சதவீதம் பேர் எப்படியும் வாங்கியிருப்பார்கள் என்றால் ஒவ்வொரு 100 மதிப்புக்கும் 10 நஷ்டம். செயலியில் வருபவர்களில் 10 சதவீதம் மட்டுமே பழையவர்கள் என்றால் 100 மதிப்புக்கு சுமார் 12 மிச்சம். அதே ஸ்டிக்கரைத் தனி மூலையில், கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வைத்துப் பழையவர் பங்கை 20-க்கு இறக்கினால் 30 மிச்சம். பையை அது எளிதாக முந்திவிடும். தனி மூலை என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பழையவர் பங்கை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். தள்ளுபடி தொடங்குவதற்கு முன் இரண்டு வாரமும் தொடங்கிய பின் இரண்டு வாரமும், கடைசி மூன்று மணி நேரத்தின் முழு விலை விற்பனையைக் கிழமைவாரியாக எடுங்கள். முன்பு நாளுக்கு 40 போனது இப்போது 34 போகிறது, தள்ளுபடியில் 15 போகிறது என்றால் பழையவர் பங்கு 15-ல் 6, அதாவது 40 சதவீதம். பண்டிகை வாரத்தையும் மழை வாரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தள்ளுபடி நேரம் தெரிந்துவிட்டால் அதற்காகவே காத்திருப்பார்களே என்று சிலர் நேரத்தைத் தினமும் மாற்றுகிறார்கள். அது வாடிக்கையாளரை எரிச்சலூட்டும், வேறொன்றும் செய்யாது. நேரத்தைத் தாமதமாகவும் நிலையாகவும் வையுங்கள். எது எவ்வளவு இருக்கும் என்பது நிச்சயமில்லாமல் இருந்தால் போதும். குறிப்பிட்ட பொருள் கண்டிப்பாக வேண்டும் என்பவர் முன்பே வந்து முழு விலை கொடுப்பார்.

சூடான சமையல்: விலையைவிட வெப்பமானி முக்கியம்

5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வழங்கும் '2 மணி, 4 மணி' விதி நடைமுறைக்கு எளிது: இந்த இடைப்பட்ட வெப்பத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் மீண்டும் குளிரூட்டலாம் அல்லது பரிமாறலாம், 2 முதல் 4 மணி என்றால் உடனே சாப்பிட வேண்டும், ஃப்ரிட்ஜுக்குத் திருப்பக் கூடாது, 4 மணி தாண்டினால் கொட்ட வேண்டும். நேரம் கூட்டப்படும்: சமையலறை மேசையில் இருந்த 40 நிமிடம், கவுன்டரில் இருந்த ஒரு மணி, வாங்கியவர் பையோடு பயணித்த அரை மணி, எல்லாம் ஒரே கணக்கு. பயணத்தை மறப்பதே இதில் வழக்கமான கோளாறு.

ஆகவே சூடான உணவுக்கு இரண்டே வழி. 60-க்கு மேலேயே வைத்திருந்து, பரிமாறும் நேரம் முடிந்தவுடன் சூடாகவே பையில் கொடுப்பது ஒன்று. இரண்டாவது, முறையாகக் குளிரவைத்து மறுநாள் குளிர்ந்த பொட்டலமாக விற்பது. குளிரவைப்பதற்கு அளவு உண்டு: 60-லிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். பெரிய அண்டாவை அப்படியே குளிர் அறையில் தள்ளினால் நடுப்பகுதி மறுநாள் காலை வரை வெதுவெதுப்பாகவே இருக்கும், பக்கத்தில் இருப்பதையும் சூடாக்கும். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத தட்டையான தட்டுகளில் பரப்பி, மூடாமல் காற்றோட்டத்தில் வைத்து, குளிர்ந்த பிறகு மூட வேண்டும். குழம்பு, சூப் வகைகளைப் பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் இறக்கிக் கிளறலாம்.

"மறுபடி நன்றாகச் சூடாக்கினால் போதுமே" என்பது சோற்றிலும் பாஸ்தாவிலும் பலிக்காது. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையல் வெப்பத்தைத் தாண்டிப் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு மறுசூட்டில் அழியாது. 74 டிகிரிக்கு ஏற்றினாலும் பாக்டீரியா சாகும், நச்சு நிற்கும்.

பஃபேயில் வாடிக்கையாளர்கள் கரண்டி போட்ட தட்டு எதுவும் மறுநாள் விற்பனைக்கு வரக்கூடாது. சமையலறையில் வெளியே எடுக்காமல் வைத்திருந்த தட்டுகளே அதற்குத் தகுதி. பஃபே நடத்துபவர்களுக்கு, பரிமாறும் நேரத்தின் கடைசி அரை மணியில் பெட்டி கொடுத்து அவர்களையே நிரப்பிக்கொள்ளச் சொல்வது மற்ற எந்த வழியையும்விடச் சிக்கல் குறைந்தது.

பாக்கெட் சரக்கு: தேதியைப் படிப்பதும் மொத்தமாகக் கைமாற்றுவதும்

பல நாடுகளில் இரண்டு வகைத் தேதி உண்டு. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்புக்கானது; தாண்டிய பின் விற்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி குற்றம், மற்ற இடங்களிலும் செய்யத் தகாதது. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது தரத்துக்கானது; பிஸ்கட், பாஸ்தா, டின் உணவு போன்றவற்றைத் தேதி தாண்டிய பின்னும் தெளிவாக எழுதி விற்க ஐரோப்பாவில் தடையில்லை. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. உங்கள் சட்டத்தைப் பார்த்துவிட்டே அலமாரியில் வையுங்கள். நறுக்கிய இறைச்சி, மென்மையான பாலாடைக்கட்டி, வெட்டிய பழம் ஆகியவற்றில் முதல் வகைத் தேதியை ஒரு நாள்கூட நீட்ட முடியாது. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். கெட்ட வாசனையோ நிற மாற்றமோ காட்டாது.

தேதி நெருங்குவதைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய கடைகளின் தலைவலி. சாதாரணப் பார்கோடில் பொருள் எது என்பது மட்டுமே இருக்கிறது, தேதி இல்லை. எனவே யாராவது அலமாரியைக் கையால் துழாவ வேண்டும். தேதியையும் தொகுதி எண்ணையும் சேர்த்துப் பதிக்கும் இரு பரிமாணக் கோடுகளை (க்யூஆர் போன்றவை) கல்லாக்கள் 2027 முடிவுக்குள் படிக்க வேண்டும் என்பது, பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இலக்கு. அந்தக் கோடும் மின்னணு விலைப்பட்டையும் இருந்தால் ஒரே பொருளின் இரண்டு தேதிகளுக்கு இரண்டு விலை தானாகவே போடலாம். தேதிப் பொருட்கள் ஆயிரக்கணக்கில் உள்ள கடைக்கு இது லாபம். இருநூறு பொருள் வைத்திருக்கும் கடைக்கு இது வீண் செலவு. காலையில் பத்து நிமிடம் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தால் அதே பலன்.

அதைவிட எளிய காரியம், முன்னால் இருப்பதை எடுக்க வைப்பது. வாடிக்கையாளர்கள் பின்வரிசையில் கை விட்டு நீண்ட தேதியை இழுத்தால் முன்வரிசை மிஞ்சும். ஜப்பானில் 2021-ல் அரசும் கடைச் சங்கமும் சேர்ந்து 'தெமாயேடோரி' என்று முன்னால் இருப்பதை எடுக்கச் சொல்லும் பிரசாரத்தைத் தொடங்கின. அட்டை மட்டும் வைத்தால் பலன் கொஞ்சம்; முன்வரிசைக்குச் சிறு விலைக் குறைப்பும் சேர்த்தால் கை பின்னே போகாது.

மொத்தமாகக் கைமாற்றுவது தயாரிப்பாளர்களுக்கும் மொத்த விநியோகஸ்தர்களுக்கும் உரியது. வாரக்கணக்கில் அவகாசம் இருக்கும்போது பாலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கணக்கில் கழிவு விலைக் கடைகளுக்குத் தள்ளலாம். விலை மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் ஒரே நாளில் கிடங்கு காலியாகும், ரெகுலர் கடைகளின் விலை கெடாது. ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தை எழுதுங்கள்: எந்தப் பகுதியில் விற்கலாம், எந்தத் தேதிக்கு மேல் விற்கக் கூடாது. எழுதாவிட்டால் உங்கள் சரக்கே உங்கள் வாடிக்கையாளர் கடைக்கு எதிரில் பாதி விலைக்கு நிற்கும். சில்லறைக் கடைக்கு இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. இருபது பாக்கெட்டுக்கு யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள்.

பெரிய நிறுவனத்தின் பெயரில் கிளைக் கடை (ஃபிரான்சைஸ்) நடத்துபவர்கள் எந்த வழிக்கும் முன்னால் தாய் நிறுவன ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். தள்ளுபடியைத் தடுக்கும் ஷரத்தோ, எழுதாத வழக்கமோ இருக்கலாம். ஜப்பானில் செவன்-இலெவன் என்ற கடைச் சங்கிலி நிறுவனம், தன் கிளைக் கடைக்காரர்கள் தேதி நெருங்கிய உணவை விலை குறைத்து விற்பதைத் தடுத்ததாக அந்நாட்டு நியாய வணிக ஆணையம் 2009-ல் அந்நிறுவனத்துக்கு எதிராக உத்தரவு போட்டது.

தானமும் மறுதயாரிப்பும்

விற்க நேரம் இல்லை, சாப்பிட நேரம் இருக்கிறது என்றால் தானம். பிரான்ஸில் 2016 சட்டப்படி 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் உண்ணத் தகுந்த உணவை வேண்டுமென்றே கெடுத்து எறியக் கூடாது. தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தத்துக்கு முன்வர வேண்டும். சின்னக் கடைக்கும் தானத்துக்கும் நடுவே நிற்பது வண்டிதான். தினமும் 3 கிலோவுக்கு யாரும் வரமாட்டார்கள். ஃப்ரீசரில் சேர்த்து வாரம் ஒருமுறை 20 கிலோ கொடுத்தால் வருவார்கள். ரொட்டிக்கு இது நன்றாக ஒத்துவரும். உறைய வைத்த தேதியை எழுதுங்கள். உருகிய பின் 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மிஞ்சிய ரொட்டியைத் தூளாக்குவது, பழத்தை ஜாம் ஆக்குவது கேட்க நன்றாக இருக்கும். கூலியைக் கணக்கில் சேர்த்தால் பெரும்பாலும் தாங்காது. ஏற்கெனவே சும்மா இருக்கும் ஆளும் அடுப்பும் இருந்தால் மட்டும் செய்யுங்கள். தேதி தாண்டியதை மறுதயாரிப்பில் போட்டால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடாது. ரொட்டியில் எள் இருந்தால் தூளிலும் எள் இருக்கிறது. அட்டையில் எழுத வேண்டும்.

எதை எடுப்பது

மாலை வரை சுடும் பேக்கரிக்குச் செயலிப் பை முதல் தெரிவு, கடை ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில் இருந்தால் இன்னும் கண்டிப்பாக. கடைசி மணி வரை கூட்டம் இருக்கும் இடமானால் தனி மூலை ஸ்டிக்கர் மேல். அங்கே கமிஷன் கொடுத்து ஆள் தேட வேண்டியதில்லை. மளிகைக் கடைக்கு இரு படி ஸ்டிக்கரும் முன்வரிசை ஒழுங்கும் போதும். காய்கனிக்கு மட்டும் கலவைப் பெட்டி கட்டி நிலையான விலைக்கு விற்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு கனியிலும் ஸ்டிக்கர் ஒட்ட ஆள் கிடையாது. உணவகத்துக்குப் பரிமாறும் நேர முடிவில் சூடான பெட்டி, அதுவும் வெப்பமானி இருந்தால். இல்லையென்றால் முதலில் வெப்பமானி வாங்குங்கள்.

எந்த வழி எடுத்தாலும் எடைத் தாளை நிறுத்தாதீர்கள். மூன்று மாதத்தில் மிச்சம் குறைந்திருக்க வேண்டும். பை விற்பனை மட்டும் ஏறி மிச்சம் அப்படியே இருந்தால், யாரோ தள்ளுபடிக்காகவே சுடத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்; அன்றே காலைத் தவணையில் பத்தில் ஒன்றைக் குறைத்து, செயலியில் போடும் எண்ணையும் பாதியாக்குங்கள்.